மயிலாத்தாளின் விடைத்தாள்

“அம்மா, எனக்கு நூற்றைம்பதுக்கு நூற்று நாற்பத்திரண்டு. அப்புறம் ஏனுங்க என் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போனா?”

வந்தவர் இன்னும் உட்காரக்கூட இல்லை. செருப்பைக் கழற்றினார், கேட்டுவிட்டார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கீரைக்குத் திரும்பினார்.

அம்மா என்றால் செங்கமலத்தம்மா. மலையடிவாரத்து மடம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். யாருக்கு என்ன கஷ்டமென்றாலும் இவரிடம் வந்து கேட்பார்கள். பாதிப் பேருக்குப் பதில் கிடைக்கும். மீதிப் பேருக்குத் திட்டு கிடைக்கும்.

நான் இரண்டும் வாங்கியவள். டெலிபோன் ஆபீசில் காலம் பூராவும் அடுத்தவர்களைப் பேச வைத்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இந்த மடமே கதி என்று கிடக்கிறேன்.

“எதுல நூத்தம்பது?” என்றார் அம்மா.

“உணர்வு நுண்ணறிவுங்க.”

“அதென்ன?”

“தன் மனசையும் அடுத்தவங்க மனசையும் புரிஞ்சுக்கற திறமைங்க. அதை அளக்க ஒரு வினாத்தாள் இருக்குது. முப்பது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கட்டம். ஒண்ணுன்னா ‘எனக்குச் சுத்தமாப் பொருந்தாது.’ அஞ்சுன்னா ‘முழுசாப் பொருந்தும்.’ நாமளே படிச்சு, நாமளே டிக் போட்டுக்கணும்.”

“கேள்வியெல்லாம் யாரு எழுதினது?”

“நான்தானுங்க.”

“மார்க் போட்டது?”

“அதுவும் நான்தானுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னை முறைத்தார்.

அவர் பெயர் அர்த்தநாரி. கோயமுத்தூரில் உளவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிய தாளை எத்தனையோ கம்பெனிகள் வாங்கி, அதை வைத்துத்தான் வேலைக்கு ஆள் எடுக்கின்றனவாம். அறுபதைத் தாண்டியும் சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே விட்டிருந்தார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை.

“ஒரு கேள்வியைச் சொல்லுங்க, கேப்போம்,” என்றார் அம்மா.

“‘எதிரில் இருப்பவரின் மனநிலையை அவர் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வேன்.’”

“அதுக்கு நீங்க எத்தனை போட்டீங்க?”

“அஞ்சுங்க.”

“என் மூஞ்சியைப் பாருங்க. என்ன தெரியுது?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“அமைதிங்க. தியானத்துல வர்ற ஒரு பேரமைதி.”

“தலைவலி. காலையில இருந்து மண்டையைப் பொளக்குது.”

அவர் அசரவில்லை. “தலைவலி உணர்ச்சிக் கணக்குல வராதுங்களே அம்மா. அது உடம்பு.”

“அதுவும் சரிதான். அக்கா, கொஞ்சம் சுக்குக் காப்பி போடுங்க.”

எழுந்து போனேன். அடுப்படியில் நின்றாலும் பேச்சு கேட்டது. காது மட்டும் இன்னும் டெலிபோன் ஆபீஸ் காதுதான்.

“வீட்டம்மா பேரு என்னங்க?”

“மயிலாத்தாள்.”

“எதுக்குப் போனாங்க?”

“சண்டையே இல்லைங்க. அதுதான் புரியலை. எனக்கு ஒரு பாராட்டு விழா வச்சாங்க. மேடையில நல்லாப் பேசினேன். வீட்டுக்கு வந்து, பேச்சு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். ‘நல்லாப் பேசினீங்க’ன்னா. மறுநாள் காலையில பையை எடுத்துக்கிட்டு, ‘கொஞ்ச நாளைக்குக் காங்கேயத்துல தம்பி வீட்டுல இருக்கறேனுங்க’ன்னா. சரி, போய்ட்டு வான்னேன். பஸ் ஏத்திவிட்டதே நான்தானுங்க.”

“அப்புறம்?”

“வரலை. ஆடி போச்சு, தீபாவளி போச்சு, பொங்கலும் போச்சு. போன் பண்ணினா தம்பிதான் எடுக்கறான். ‘அக்கா நல்லா இருக்கா மாமா’ங்கறான். அவ பேசறதே இல்லை.”

“நேர்ல போய்ப் பார்த்தீங்களா?”

“இல்லைங்க. வேற ஒரு காரியம் பண்ணினேன்.”

“என்ன?”

“அவ மனசுல எங்க அடிபட்டிருக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு…”

“தெரிஞ்சுக்கலாம்னு?”

“வினாத்தாளை அவளுக்குத் தபால்ல அனுப்பினேன். திருப்பி அனுப்பறதுக்கு ஸ்டாம்பு ஒட்டின கவரும் வச்சு.”

அடக் கடவுளே! கொண்டுவந்த காப்பி பாதி தளும்பிவிட்டது.

அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையை எடுக்காமல் அதற்குள்ளிருந்தே கேட்டார்.

“பதில் வந்துச்சா?”

“வரலைங்க. ஜன்னல் கதவு காத்துக்கு அடிக்காம இருக்க அதை மடிச்சுச் சொருகியிருக்கறாளாம். தம்பி சொன்னான்.”

யாரும் சிரிக்கவில்லை.

“அம்மா, வீட்டுல வச்ச சாமான் வச்ச இடத்துலயே இருக்குதுங்க. பேப்பரைத் தரையில போட்டா மறுநாளும் தரையிலயே கிடக்குது. குடிச்ச டம்ளர் குடிச்ச இடத்துலயே காஞ்சு போய் நிக்குது. அதைத்தான் தாங்க முடியலை. எனக்கு அவ வேணுமுங்க. என் தாள்ல எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திடறேன்.”

அம்மா காப்பியைக் குடித்து முடித்தார்.

“தாள் கையில இருக்குதா?”

பையில் ஒரு கட்டே இருந்தது. போகிற இடமெல்லாம் கொண்டுபோவார் போல.

“ஒண்ணு எடுங்க. பேனா வேண்டாம், பென்சில் எடுங்க. மேல பேரை எழுதுங்க.”

“நான் எத்தனையோ தரம் நிரப்பியாச்சுங்களே.”

“உங்க பேரு இல்லை. மயிலாத்தாள்னு எழுதுங்க. அவங்க நிரப்பினா எப்படி நிரப்புவாங்களோ, அப்படி நிரப்பிக் கொண்டாங்க.”

அர்த்தநாரி பதறிப்போனார்.

“அம்மா, அது கூடாதுங்க. அடுத்தவங்களுக்காக நிரப்பறது எங்க தொழில்ல திருட்டு. தாள் மேலயே போட்டிருக்குது பாருங்க. ‘பிறர் உதவியின்றித் தாமே நிரப்பவும்.’”

“பிறர்ங்கறது நீங்களா?”

அவர் பென்சிலை எடுத்தார்.



நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் அர்த்தநாரி தாளோடு திரும்பி வந்துவிட்டார்.

“முடிஞ்சுதுங்க. எண்பத்தொன்பது.”

“அவங்களுக்கா?”

“ஆமாங்க. சராசரிக்குக் கீழே. நான் நினைச்சதுதான்.”

சொல்லும்போது குரலில் ஒரு பரிதாபம் வேறு. மயிலாத்தாள் மேல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இவ்வளவு சீக்கிரமாவா?” என்றார் அம்மா.

“அப்படித்தானுங்க நிரப்பணும். ‘நெடுநேரம் யோசிக்க வேண்டாம். முதலில் தோன்றுவதைக் குறிக்கவும்’னு மேலயே போட்டிருக்குது. யோசிச்சா பொய் கலந்துரும்.”

அம்மா தாளை வாங்கினார். பென்சிலை வாங்கினார். அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

அர்த்தநாரியின் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளையை யாரோ கிள்ளிவிட்ட மாதிரி தாளையே பார்த்தார்.

“ஏழாவது,” என்று அம்மா படித்தார். “‘நான் வருத்தமாக இருக்கும்போது அதன் காரணம் எனக்குத் தெரியும்.’ ரெண்டு போட்டிருக்கறீங்க.”

“அவளுக்குத் தெரியாதுங்க. மூஞ்சி வாடியிருந்தா என்னன்னு கேப்பேன். ஒண்ணுமில்லைம்பா.”

“ஒண்ணுமில்லைன்னா, தெரியாதுன்னு அர்த்தமா?”

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“வேற என்ன அர்த்தமுங்க?”

அம்மா ஒரு ரப்பரைத் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பிறகு கீரைக்குத் திரும்பிவிட்டார்.



சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்புவதாக வந்த மனுஷன், மடத்திலேயே தங்கிவிட்டார்.

தங்கினாலும் தங்கினார், கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டார். தாளை முழங்கால் மேல் வைப்பார். ஒரு கேள்வியைப் படிப்பார். எங்கேயோ பார்ப்பார். அப்புறம் ரப்பரை எடுப்பார்.

நான் துணி வாளியோடு போய் நின்றால், எழுந்திருப்பதற்குப் பதிலாகச் சந்தேகம் கேட்பார்.

“மேடம், பொம்பளைங்க காய் நறுக்கறப்ப பாட்டு முணுமுணுத்தா, சந்தோஷமா இருக்கறாங்கன்னு அர்த்தமுங்களா?”

“என்ன பாட்டு?”

யோசித்தார்.

“கவனிக்கலைங்க.”

“பின்னே நான் எப்படிச் சொல்றது? எந்திரிங்க சார், வெயில் போகுது.”

எழுந்திருக்கவில்லை. அழித்தார்.

மறுநாள் கொஞ்சம் தெம்பாக இருந்தார். குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டாராம்.

“மச்சினனுக்கு போன் போட்டேனுங்க. ‘ஈஸ்வரமூர்த்தி, உங்கக்காவுக்கு எதுக்குப் பயம்?’னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘எனக்கெப்படி மாமா தெரியும்? கல்யாணம் ஆனதுல இருந்து உங்ககூடத்தானே இருந்தா?’ன்னான்.”

தெம்பெல்லாம் அதோடு சரி.

“‘என் கோபத்தை என்னால் கட்டுப்படுத்த முடியும்.’ இதுக்கு அஞ்சு போட்டிருந்தேனுங்க மேடம். அவ கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.”

“பார்த்ததில்லையா, கோபமே வந்ததில்லையா?”

“அதைத்தான் காலையில இருந்து யோசிக்கறேன். சில நாள் பாத்திரம் கழுவற சத்தம் கொஞ்சம் பலமாக் கேக்கும். நான் எந்திரிச்சுக் கதவைச் சாத்திக்குவேன். எழுதற வேலைக்கு இடைஞ்சலா இருக்குதுன்னு.”

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கல்லை விட்டு எழுப்பவும் மனசு வரவில்லை. துணி நாளைக்குத் துவைத்தால் ஆகாதா என்று வாளியோடு திரும்பிவிட்டேன்.



அம்மா தண்ணீர் இறைக்க வந்தபோது அர்த்தநாரி அவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப என் தாள் குப்பைங்களா அம்மா?”

“யாரு சொன்னா? நான் கணக்கு நடத்தினவ. அளக்கறதுல என்ன தப்பு?”

“பின்னே, ஒருத்தர் மனசை அவரையே கேக்காம வேற யாரைக் கேக்கறது?”

அம்மா வாளியைக் கிணற்றில் விட்டார். இழுத்தார். ஒரு செம்பில் ஊற்றி நீட்டினார்.

“குடிங்க.”

குடித்தார்.

“எப்படி இருக்குது?”

“உப்புக் கரிக்குதுங்க.”

“கிணத்துக்குத் தெரியுமா?”

வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மா போய்விட்டார்.

அர்த்தநாரி செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் ஒரு வாய் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். எனக்கு உப்பே தெரியவில்லை. தினமும் குடிக்கிற தண்ணீர். அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, இரண்டு பேரும் அசடு மாதிரி நின்றோம்.



இன்னொரு நாள் காலையில் அர்த்தநாரி அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“இந்தத் தாள்ல ஒரு குறை இருக்குதுங்க.”

“என்ன?”

“‘தெரியவில்லை’ன்னு ஒரு கட்டம் வேணுமுங்க.”

“இல்லையா?”

“முன்னால இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“அதை வச்சா எல்லாரும் அதுலயே போய் ஒளிஞ்சுக்கறாங்க. கணக்கு நிக்க மாட்டேங்குது.”

“சரி. இப்ப உங்களுக்கு எதுக்கு?”

அவர் கையிலிருந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒளிஞ்சுக்கறதுக்கு இல்லைங்க அம்மா. நிசமாவே தெரியலைங்க.”

அம்மா அன்றைக்குத்தான் அந்த மனுஷனை முதல்முறையாகக் கனிவாகப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மடத்தில் இதுதான் வம்பு. தேவையானபோது ஒரு வார்த்தை கிடைக்காது.



மத்தியானம் இலை போட்டோம். நான்தான் பரிமாறினேன்.

“ரசம் நல்லா இருக்குதுங்க மேடம்,” என்றார். “மயிலாவுக்குக்கூட ரசம்னா…”

பேச்சு நின்றுவிட்டது.

கரண்டியோடு நானும் நின்றேன்.

“மயிலாவுக்கு ரசம் பிடிக்குமா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது.

“எனக்குப் போட்டுட்டு அப்புறமாத்தான் அவ சாப்பிடுவா. நான் கையைக் கழுவிட்டு அறைக்குப் போயிருவேன். அவ உக்காந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லைங்க. எது வேணும், எது வேண்டாம், எதைத் தொட்டுக்குவா, ஒண்ணும் தெரியாது. இத்தனை வருஷம். ஒரே வீட்டுல.”

அழுதார். பேராசிரியர் அழுகை இல்லை. மூக்கு ஒழுக, இலையில் கண்ணீர் விழ அழுதார்.

“அவ சாப்பிடறதைப் பார்க்கணுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். எதிர்ல உக்காந்து ஒருக்காப் பார்க்கணும்.”

எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். வேறென்ன செய்ய?

சாப்பிட்டு எழுந்தவர் நேராகக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்து தாளை அம்மா முன்னால் வைத்தார்.

ஒரு குறிகூட இல்லை. அழித்து அழித்துத் தாள் அங்கங்கே கிழிந்திருந்தது. மயிலாத்தாள் என்ற பெயர் மட்டும் மேலே இருந்தது.

“சைபருங்க,” என்றார்.

அம்மா ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். விடைத்தாள் திருத்துகிற பழக்கம் விடவில்லை போல.

“அக்கா, காங்கேயத்துக்கு அடுத்த பஸ் எப்ப?”

அர்த்தநாரி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“அம்மா, இந்தத் தாளை எடுத்துக்கிட்டு எப்படிங்க அவ முன்னால போறது? போய் என்னன்னு சொல்றது?”

“சொல்றதுக்கு உங்ககிட்ட என்ன இருக்குது?”

அவர் தாளைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப நீங்க பிரசங்கம் பண்ணிருவீங்கன்னு பயமில்லை. கிளம்புங்க,” என்றார் அம்மா. “அக்கா, நீங்களும் கூடப் போங்க. இவரு பாதி வழியில இறங்கி ஓடிருவாரு.”



பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். என்னைத் தாண்டாமல் இறங்க முடியாதே.

“திரும்பிப் போயிரலாமுங்களா மேடம்?”

“டிக்கெட் எடுத்தாச்சு சார்.”

கொஞ்ச தூரம் போனோம்.

“அவ கதவைத் திறக்கலைன்னா?”

“வெளியே நில்லுங்க.”

“எவ்வளவு நேரமுங்க?”

“அதுக்கும் ஒரு அளவு வேணுமா உங்களுக்கு?”

வாயை மூடிக்கொண்டார். அப்புறம் காங்கேயம் வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்வை. ஒரு இடத்தில் மட்டும் திடுக்கென்று நிமிர்ந்தார், எதையோ கண்ட மாதிரி. என்ன என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.



மச்சினன் வீட்டில் கொப்பரைக் களம் இருந்தது. உடைத்த தேங்காய்கள் வெயிலில் களம் பூராவும் காய்ந்துகொண்டிருந்தன. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஒல்லியான அம்மாள் அவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரமூர்த்திதான் எதிரே வந்தார். மாமாவைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், “வாங்க மாமா, வாங்க,” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கதவுப் பிரச்சினையே இல்லை. எல்லாம் வெட்டவெளியில்தான்.

மயிலாத்தாள் நிமிர்ந்தார். என்னைப் பார்த்து, “வாங்க,” என்றார். அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அர்த்தநாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றார். கையை நீட்டினார். கையில் தாள்.

“மறுபடியும் கேள்வித்தாளுங்களா?” என்றார் மயிலாத்தாள்.

பல மாசத்துக்குப் பிறகு புருஷனிடம் பேசிய முதல் பேச்சு அது.

“நீ நிரப்ப வேண்டாம் மயிலா. உனக்காக நான் நிரப்பிப் பார்த்தேன்.”

“நீங்களா?”

“எண்பத்தொன்பது போட்டேன். அப்புறம் ஒண்ணொண்ணா அழிச்சேன். எதுவும் நிக்கலை. ஒண்ணுகூட.”

மயிலாத்தாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். கிழிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு படிக்க ஆரம்பித்தார். உதடு அசைய, நிதானமாக.

அர்த்தநாரியால் சும்மா நிற்க முடியவில்லை.

“மயிலா, ஒரு நாள் நான் எழுதிக்கிட்டிருந்தேன். நீ கதவுகிட்ட வந்து நின்னே. கையில என்னமோ வச்சிருந்தே. மூஞ்சியில சிரிப்பு இருந்துச்சு. ஒரு நிமிஷம்னு நான் விரலைக் காட்டினேன். எழுதி முடிச்சுத் திரும்பிப் பார்க்கறப்ப நீ இல்லை. பஸ்ஸுல வர்றப்ப ஞாபகம் வந்துச்சு. அதுல இருந்து அதேதான் மண்டையில ஓடுது. அன்னைக்கு என்ன வச்சிருந்தே கையில?”

மயிலாத்தாள் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

“எந்த நாளுங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. நிஜமாகவே எந்த நாள் என்று தெரியாமல்தான் கேட்டார். அப்படி எத்தனை நாளோ!

அர்த்தநாரி அப்படியே கொப்பரைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

“களம் சுடும். அந்தச் சாக்கு மேல உக்காருங்க,” என்றார் மயிலாத்தாள்.

நகர்ந்து உட்கார்ந்தார். மயிலாத்தாளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு மிச்சத்தையும் படித்து முடித்தார்.

“ஏனுங்க.”

“சொல்லு மயிலா.”

“இதுல பாதிக்கு எனக்கே பதில் வரமாட்டேங்குது.”

“அதெப்படி? உன் மனசைப் பத்தித்தானே…”

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். நிறுத்திக்கொண்டார்.

“யாரும் கேக்கலைங்களே,” என்றார் மயிலாத்தாள். “நானும் கேட்டுக்கலை.”

கொப்பரைமேல் காக்காய் வந்து உட்கார்ந்தது. ஓட்ட ஆள் இல்லை. நான்தான் எழுந்து ஓட்டினேன்.

திரும்பிப் பார்த்தபோது அர்த்தநாரி தாளை வாங்கவில்லை. பென்சிலையும் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் போல மனப்பாடமாகச் சொன்னார்.

“‘எனக்கு எது மகிழ்ச்சி தரும் என்று எனக்குத் தெரியும்.’”

சொல்லிவிட்டு மயிலாத்தாள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“உனக்கு எது மயிலா?”

மயிலாத்தாள் தலைத்துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

“சின்ன வயசுல இருந்து சொல்லட்டுங்களா?”

“சொல்லு.”

நான் களத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டேன். இது எனக்கான பேச்சு இல்லை. விட்ட இடத்திலிருந்து கொப்பரையைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன். அவ்வப்போது அந்தம்மா குரல் கேட்டது. அவ்வப்போது நின்றது. நின்றபோதெல்லாம் வெகுநேரம் நின்றது. அப்போதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வரிசை வரிசையாகத் திருப்பி முடித்துவிட்டேன். வெயில் சாய்ந்து, களத்தில் பாதி நிழலாகிவிட்டது. கடைசி பஸ் போய்விடுமே என்று எனக்குக் கவலை.

ஈஸ்வரமூர்த்தி வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

“அக்கா, மாமா சாப்பாட்டுக்கு இருப்பாருங்களா?”

மயிலாத்தாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இருப்பாரு. இன்னும் மொதக் கேள்வியே முடியலை.”